நூலைப் பார்த்து ஊரைச் சொல்ல முடியுமா? பக்கத்து நாடுகளோடு சந்தையை இணைத்ததில் கொங்கு நாட்டுக்குக் கிடைத்ததும் போனதும்

பவர்டேபிள் (திருப்பூர்)

போன வாரம் பாக்கி வசூலுக்காக, எங்கள் ஊர் மொத்த ஜவுளிச் சந்தையான காதர்பேட்டைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் ஒரு டி-ஷர்ட்டை எடுத்து மேசையில் போட்டு, "இதைப் பாருங்கள்" என்றார். வங்கதேசத்துச் சரக்கு. உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். தோளில் டேப் வைத்து அடித்திருந்தார்கள். கழுத்து ரிப் சீராக ஏறியிருந்தது. கையிலும் அடியிலும் பேட்லாக் மெஷின் தையல் ஓடிய இடத்தில் ஒரு நூல்கூடத் தொங்கவில்லை. குறை சொல்ல வழியே இல்லை. மொத்த விலையைக் கேட்டேன். துணி, சாயம், கட்டிங், தையல், செக்கிங், அயர்ன் என்று மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். என் அடக்க விலையே அதைவிட அதிகம். அந்தச் சட்டையைக் கையோடு வாங்கிவந்துவிட்டேன்.

என்னிடம் 22 மெஷின்கள் இருக்கின்றன. உள்நாட்டுச் சரக்குதான் தைக்கிறேன். 2011 செப்டம்பரில் வங்கதேசத்தின் 46 வகை ஜவுளிகளுக்கு இந்தியா வரியை நீக்கியது. அதே ஆண்டு நவம்பரில் மது, புகையிலை உள்ளிட்ட 25 இனங்கள் தவிர எல்லாவற்றுக்கும் நீக்கிவிட்டது. அண்டை நாட்டு நட்பு, பிராந்திய ஒருங்கிணைப்பு என்றெல்லாம் அப்போது பேசினார்கள். நட்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த நட்புக்கான செலவு ஏன் என் தையல் மேசையிலிருந்து போகிறது என்பதுதான் என் கேள்வி. எங்கள் பகுதியில் இந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருக்கிறது. வங்கதேசச் சட்டையை முற்றிலும் தடுக்க வேண்டும் என்று மனு எழுதப் போகிறோம். கருத்துள்ளவர்கள் எழுதுங்கள்.

ஸ்பின்னிங் கணக்கர் (பல்லடம்)

அண்ணா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் என் பக்கத்தையும் கேளுங்கள். இந்தியப் பருத்தி நூலை வேறெந்த நாட்டையும்விட அதிகமாக வாங்குவது வங்கதேசம். எங்கள் ஆலையில் ஒரு மாதம் அங்கிருந்து ஆர்டர் குறைந்தால் கோன் பெட்டிகள் குடோனில் ஏறிக்கொண்டே போகும், மூன்றாவது ஷிப்ட் நின்றுவிடும். 2025 ஏப்ரலில் அவர்கள் தரை வழியாக நூல் வருவதை நிறுத்தியபோது இதைக் கண்ணால் பார்த்தேன். அடுத்த மாதம் 17ஆம் தேதி நம் அரசு, அவர்களின் ஆயத்த ஆடை கொல்கத்தா, நவ சேவா துறைமுகங்கள் வழியாக மட்டுமே வரலாம் என்றது. நீங்கள் மகிழ்ந்திருப்பீர்கள். நாங்கள் அடுத்த அடி எங்கே விழும் என்று பயந்துகொண்டிருந்தோம்.

2010 டிசம்பரையும் மறந்துவிடக் கூடாது. நூல் விலை ஏறுகிறது என்று பின்னலாடைக்காரர்கள் கேட்டுக்கொண்டதால் அந்த நிதியாண்டுக்கான நூல் ஏற்றுமதியை 72 கோடி கிலோவோடு நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு பஞ்சு விலை சரிந்தது. அதிக விலையில் வாங்கிய பஞ்சும் விற்காத நூலுமாக ஆலைகள் நட்டத்தில் விழுந்தன. பூட்டுப் போட்டால் இரண்டு பக்கமும்தான் பூட்டிக்கொள்ளும்.

நீங்கள் வாங்கிவந்த சட்டையின் நூல் எங்கள் நூலாகவே இருக்கலாம். ஓரத்தைப் பிரித்துப் பாருங்கள்.

முன்னாள் மெர்ச்சண்டைசர் (அவிநாசி)

நான் வங்கதேசத்துக் காசிப்பூரில் ஓர் ஆடை ஆலையில் ஆறு ஆண்டுகள் வேலை செய்தேன். கணக்கர் சொல்வது உண்மைதான். முதல் நாள் அங்கே ஸ்டோருக்குள் போனபோது எனக்கு ஊர் நினைவு வந்துவிட்டது. கூரைவரை அடுக்கிய அட்டைப்பெட்டிகளில் கோயம்புத்தூர் மாவட்டம், திருப்பூர் மாவட்டம் என்று அச்சடித்திருந்தது. பக்கத்து வரிசை முழுக்கச் சீனத் துணி.

ஏன் அவர்கள் விலை குறைவு என்று எல்லோரும் கூலியையே சொல்கிறார்கள். கூலி குறைவுதான். 2023 டிசம்பரிலிருந்து குறைந்தபட்ச மாதச் சம்பளம் 12,500 டாக்கா. ஆனால் நான் பார்த்த பெரிய வேறுபாடு அளவில் இருக்கிறது. ஒரே கட்டடம், ஏழு மாடி. ஒரு மாடியில் ஒரே மாதிரிச் சட்டை மாதக்கணக்கில் ஓடும். காலர் தைக்கிற பெண் காலரைத் தவிர வேறு எதையும் தொடமாட்டாள். நம் ஊரில் 2,000 பீஸ் ஆர்டர் வரும், அதில் ஆறு கலர், ஒவ்வொன்றிலும் ஐந்து சைஸ். நூல் மாற்றி மாற்றியே பாதி நாள் போய்விடும்.

இந்த அளவை அவர்களுக்குக் கொடுத்தது இந்தியச் சந்தை இல்லை, ஐரோப்பா. மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு ஆயுதம் தவிர எல்லாவற்றுக்கும் வரி இல்லை என்று 2001இல் ஐரோப்பிய ஒன்றியம் அறிவித்தது. நம் சட்டைக்கு அங்கே நெடுங்காலம் 9.6 சதவீத வரி. 3 யூரோ சட்டை என்றால் 29 சென்ட். நம்மில் பலருக்கு ஒரு சட்டையில் நிற்கிற லாபமே அவ்வளவு கிடையாது. 2011இலிருந்து, எந்த நாட்டுத் துணியை வாங்கித் தைத்தாலும் போதும், தைத்த நாட்டுச் சரக்காகவே ஏற்றுக்கொள்கிறோம் என்று மூல விதியையும் தளர்த்தினார்கள். வங்கதேசம் அதில்தான் மலை போல வளர்ந்தது. அப்படி வளர்ந்த பிறகு மீதிச் சரக்கை நம் சந்தையில் இறக்குவது அவர்களுக்குச் சிரமமே இல்லை.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்குப் பக்கத்தில் சாவாரில், ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். அந்த மலிவு விலையை எழுதும்போது அவர்களை விட்டுவிட்டு எழுத என்னால் முடியாது.

ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியர் (கோவை)

நான் கல்லூரியில் முப்பது ஆண்டுகள் நடத்திய பாடம் இது. ஜேக்கப் வைனர் என்ற பொருளியலாளர் 1950இல் ஒரு கேள்வியை எழுப்பினார்: பக்கத்து நாட்டுக்கு மட்டும் வரியை நீக்கினால் நாட்டுக்கு எப்போதும் நன்மைதானா? இல்லை என்பது அவருடைய விடை.

கற்பனைக் கணக்கு ஒன்று பாருங்கள். ஒரு சட்டையைச் சீனா 100 ரூபாய்க்குத் தருகிறது, வங்கதேசம் 110 ரூபாய்க்கு. இருவருக்கும் 20 சதவீத வரி என்றால் சீனச் சட்டை 120, வங்கதேசச் சட்டை 132. சீனச் சட்டையை வாங்குவோம், அரசுக்கு 20 ரூபாய் வரும். வங்கதேசத்துக்கு மட்டும் வரியை எடுத்துவிட்டால் அவர்கள் சட்டை 110க்கு வந்து சந்தையைப் பிடிக்கும். வாங்குபவருக்கு 10 ரூபாய் மிச்சம், அரசுக்கு 20 ரூபாய் போச்சு. நாடு 100 ரூபாய்க்குக் கிடைத்ததை விட்டுவிட்டு 110 ரூபாய்க்கு வாங்குகிறது. இது வர்த்தகத் திருப்பம். மாறாக, சீனா தராத ஒரு வகையில், நம் ஊரில் 125 ரூபாய்க்குத் தயாரான சட்டையின் இடத்தில் அந்த 110 ரூபாய்ச் சட்டை வந்து உட்கார்ந்தால் அது வர்த்தக உருவாக்கம். நாட்டுக்கு மொத்தத்தில் ஆதாயம்.

பவர்டேபிள் தம்பி, அந்த இரண்டாவது கணக்கில் நசுங்குவது நீங்கள். "மொத்தத்தில் ஆதாயம்" என்ற சொல்லுக்குள் உங்கள் 22 மெஷின்களும் இருக்கின்றன. ஆதாயம் கோடிப் பேருக்கு ஆளுக்குப் பதினைந்து ரூபாயாகப் போகிறது, நட்டம் நான்கு தெருக்களில் மொத்தமாக விழுகிறது. ஐரோப்பா இதை ஆரம்பத்திலேயே உணர்ந்திருந்தது. 1957 ரோம் ஒப்பந்தத்திலேயே, தொழில் மாறுகிறவர்களுக்கு உதவ ஐரோப்பிய சமூக நிதி இடம்பெற்றது. பின்தங்கிய வட்டாரங்களுக்கென்று 1975இல் தனி நிதி வந்தது. தெற்காசியத் தடையற்ற வர்த்தகப் பகுதி ஒப்பந்தத்தில், அதாவது 2004 ஜனவரியில் இஸ்லாமாபாத்தில் கையெழுத்தாகி 2006இல் நடைமுறைக்கு வந்த சாஃப்டாவில், வரி வருமானத்தை இழக்கும் மிகவும் பின்தங்கிய நாடுகளின் அரசுகளுக்கு ஈடு உண்டு. வேலை இழக்கும் தையற்காரருக்கு ஒன்றும் இல்லை. நான் இதைக் குறையாகவே சொல்கிறேன்.

பவர்டேபிள் (திருப்பூர்)

ஐயா, இதுவரை யாரும் எனக்கு இப்படி விளக்கியதில்லை. நன்றி. ஆனால் "மொத்தத்தில் ஆதாயம்" என்பதை என்னிடம் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிற அம்மாவிடம் நான் எப்படிச் சொல்வது? பத்தொன்பது ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறார். போன மாதம் வாரத்துக்கு மூன்று ஷிப்ட்தான் கொடுக்க முடிந்தது.

கணக்கரே, சட்டையைப் பிரித்துப் பார்த்தேன். 30ஆம் நம்பர் கோம்டு நூல் போலத்தான் தெரிகிறது. பக்கத்து நிட்டிங் அண்ணனிடமும் காட்டினேன். நல்ல நூல் என்றார். எந்த ஊர் நூல் என்று கேட்டதற்கு, நூலைப் பார்த்து ஊரைச் சொல்ல முடியுமா என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

லாரி ஆபீஸ் (சங்ககிரி)

வரியைப் பற்றியே பேசுகிறீர்கள். சரக்கு எப்படிப் போகிறது என்று யாரும் சொல்லவில்லை.

2017 ஜூலைக்கு முன்னால் நம் மாநிலத்தின் மேற்கு எல்லைச் சோதனைச் சாவடியில் என் வண்டி நின்ற நாட்களை எண்ணி மாளாது. வரிசை கிலோமீட்டர் கணக்கில் நிற்கும். டிரைவர் வண்டிக்கு அடியில் அடுப்பு வைத்துச் சோறாக்குவார். அரிசி தீர்ந்து, பின்னால் நிற்கிற வண்டிக்காரரிடம் கடன் வாங்கியதும் உண்டு. ஒரே நாட்டுக்குள், கூப்பிடு தூரத்து ஊருக்குப் போக இந்தப் பாடு. ஜி.எஸ்.டி. வந்ததும் வரிச் சாவடிகளை எடுத்தார்கள். ஜி.எஸ்.டி.யில் எனக்கு ஆயிரம் குறைகள் உண்டு. ஆனால் அந்த வரிசை ஒழிந்தபோது என் வண்டிக்கு மாதத்தில் கூடுதல் நடை கிடைத்தது. டீசலும் இல்லை, புது வண்டியும் இல்லை, நின்ற நேரம் ஓடும் நேரமாக மாறியது, அவ்வளவுதான்.

மேற்கு வங்கத்தில் வங்கதேச எல்லையில் இருக்கும் பெட்ராபோலைப் பாருங்கள். இங்கிருந்து 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடி வங்க எல்லைக்குப் போன சரக்கு, அங்கே வண்டி மாறிவிடும். நம் வண்டி அவர்கள் நாட்டுக்குள் ஓட முடியாது, இறக்கி அவர்கள் லாரியில் ஏற்ற வேண்டும். பெட்ராபோல்-பெனாபோல் எல்லையைக் கடக்க 138 மணி நேரம், அதில் 28 மணி நேரம் வண்டி மாற்றுவதற்கே என்று உலக வங்கி 2021இல் எழுதியது. கிழக்கு ஆப்பிரிக்காவில் இதே அளவு போக்குவரத்துள்ள எல்லையை ஆறு மணி நேரத்துக்குள் கடக்கிறார்கள். 2015 ஜூன் 15 அன்று திம்புவில் வங்கதேசம், பூட்டான், இந்தியா, நேபாளம் நான்கும் வண்டிகளை விடுவதற்கு ஒப்பந்தம் போட்டன. பூட்டான் அதற்கு ஒப்புதல் தரவில்லை. மற்ற மூன்றும் பேசிக்கொண்டே இருக்கின்றன.

ஸ்பின்னிங் கணக்கர் (பல்லடம்)

லாரி அண்ணன் சொன்னது நூறு சதவீதம் சரி. இதனால்தான் எங்கள் நூல் பல நேரம் தூத்துக்குடிக்குப் போய், சிறிய கப்பலில் கொழும்புக்குப் போய், அங்கே பெரிய கப்பலில் ஏறி, வங்கதேசத்துச் சட்டோகிராம் துறைமுகத்துக்குப் போகிறது. பக்கத்து நாட்டுக்கு அனுப்ப இன்னொரு பக்கத்து நாட்டின் துறைமுகம் வேண்டியிருக்கிறது. அதே உலக வங்கி ஆய்வில், இந்திய நிறுவனம் ஒன்று வங்கதேசத்தோடு வணிகம் செய்வதைவிடப் பிரேசிலோடோ ஜெர்மனியோடோ செய்வதற்கு 15 முதல் 20 சதவீதம் செலவு குறைவு என்றும் இருக்கிறது. படித்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

தென்னந்தோப்பு (பொள்ளாச்சி)

நூல்காரர்கள் மட்டும் பேசினால் எப்படி? இலங்கையோடு 1998 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டு 2000 மார்ச்சில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு என்ன நடந்தது? மலேசியா, இந்தோனேசியாவிலிருந்து பாமாயில் இலங்கைக்குப் போனது. அங்கே வனஸ்பதி ஆனது. இலங்கைச் சரக்கு என்ற பெயரில் வரியில்லாமல் இங்கே இறங்கியது. ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் என்று வரம்பு கட்டிய பிறகுதான் அடங்கியது. இலங்கை ஒரு செப்புச் சுரங்கமும் இல்லாத நாடு. அங்கிருந்து செப்புப் பொருளும் வந்தது. மிளகிலும் இதே புகார் எழுந்து, 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தார்கள்.

இலங்கை மக்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. 2022இல் அவர்கள் பெட்ரோலுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்றதைப் பார்த்து எங்கள் வீட்டில் எல்லோரும் கலங்கினோம். நான் சொல்வது கதவைப் பற்றி. முன்கதவைப் பக்கத்து வீட்டாருக்குத் திறந்தால், அவர் வீட்டுப் பின்கதவு வழியாக ஊரே உள்ளே வருகிறது. வெள்ளை ஈயும் வாடல் நோயும் போக மிஞ்சிய காயை வைத்துக்கொண்டு நான் எத்தனை பேரோடு போட்டி போடுவது?

ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியர் (கோவை)

தோப்புக்காரர் கேட்டதுதான் இந்த விஷயத்தின் முடிச்சு.

தடையற்ற வர்த்தகப் பகுதி வேறு, சுங்க ஒன்றியம் வேறு. முதலாவதில் உறுப்பு நாடுகள் தங்களுக்குள் வரியை நீக்கும், வெளிநாட்டுக்கான வரியை ஒவ்வொன்றும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ளும். யார் வரி குறைவோ அந்த நாட்டின் வழியாக வெளிச் சரக்கு நுழையும். சுங்க ஒன்றியத்தில் எல்லா நாடுகளும் வெளியாருக்கு ஒரே வரி வைக்கும், அதனால் பின்கதவு இருக்காது. ஜெர்மானிய அரசுகள் 1834இல் அதைச் செய்தன. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் ஆறு நாடுகள் 1968 ஜூலையில் முடித்தன. தெற்காசியாவில் அதற்கு இப்போது வழி இல்லை. வங்கதேச அரசின் வருமானத்தில் சுங்கம் பெரிய பங்கு, அதை இன்னொரு நாட்டோடு பொதுவாக வைக்க எந்த அரசு சம்மதிக்கும்?

ஆகவே கையில் இருக்கும் முக்கியமான பூட்டு மூல விதி. இன்ன அளவு மதிப்பு இந்த நாட்டிலேயே கூட்டப்பட்டிருந்தால்தான் இது அந்த நாட்டுச் சரக்கு என்பது. சாஃப்டாவில் பொதுவாக 40 சதவீதம், பின்தங்கிய நாடுகளுக்கு 30 சதவீதம். சீனத் துணியை வாங்கித் தைத்தாலும் கூலி, மின்சாரம், லாபம் எல்லாம் சேர்த்து அந்த 30 எட்டக்கூடியதுதான்.

அளவையும் சொல்லிவிடுகிறேன். தெற்காசிய நாடுகளின் மொத்த வர்த்தகத்தில் தங்களுக்குள் நடப்பது சுமார் 5 சதவீதம். தென்கிழக்காசியாவில் ஏறத்தாழக் கால் பங்கு, ஐரோப்பிய ஒன்றியத்தில் பாதிக்கு மேல். இணைப்பு அதிகமாகிவிட்டதால் நீங்கள் அடிபடவில்லை, தம்பி. சட்டைக்கு மட்டும் கதவு திறந்து, நூலும் லாரியும் வெளியே நிற்பதால் அடிபடுகிறீர்கள்.

ஸ்பின்னிங் கணக்கர் (பல்லடம்)

அப்படியானால் மனுவை மாற்றலாமே. இலங்கை ஒப்பந்தத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. ஆண்டுக்கு 80 லட்சம் பீஸ் ஆடைக்குச் சலுகை கொடுத்தபோது, அதில் பெரும்பகுதி இந்தியத் துணியில் தைத்திருக்க வேண்டும் என்று ஆரம்பத்தில் நிபந்தனை வைத்தார்கள். வங்கதேசத்துக்கும் அதையே கேட்போம். இந்திய நூலில் பின்னிய சட்டைக்கு வரி இல்லை, மற்றதற்கு வரி.

முன்னாள் மெர்ச்சண்டைசர் (அவிநாசி)

உங்கள் ஆலைக்கு நல்லது, கணக்கரே. பவர்டேபிள் அண்ணனுக்கு அதில் என்ன இருக்கிறது? சட்டை வந்துகொண்டேதான் இருக்கும், நூல் மட்டும் பல்லடத்து நூலாக மாறும். இந்தியத் துணி என்று எழுதினால் நம் நிட்டிங்குக்கும் சாயப்பட்டறைக்கும் வேலை வரும். ஆனால் அவர்களும் பின்னல் ஆலைகளில் ஏராளமாக முதல் போட்டிருக்கிறார்கள், ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

காகிதத்தையும் யோசியுங்கள். நான் அங்கே மூலச் சான்றிதழுக்கு ஆவணம் சேர்த்தவள். நூல் பில், துணி பில், எடைக் கணக்கு, கட்டிங்கில் போன சேதாரம், எல்லாம் பொருந்த வேண்டும். 2020 செப்டம்பர் 21 முதல் இறக்குமதியாளரே இந்த விவரங்களை வைத்திருக்க வேண்டும் என்று நம் சுங்கத் துறை விதி கொண்டுவந்துவிட்டது. விதி இருக்கிறது. பார்க்க ஆள் வேண்டும். நிட்டிங் அண்ணன் சொன்னதுதான் சுங்க அதிகாரிக்கும். நூலைப் பார்த்து ஊரைச் சொல்ல முடியாது, பில்லைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

நொய்யல் கரை (ஒரத்துப்பாளையம்)

ஒருவரும் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை. எங்கள் அணையில் சாயம் தேங்கிக் கிடந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். கிணற்று நீரை மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், கழிவை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறை ஒழுங்காக நடைமுறைக்கு வந்தது. அதற்கு ஆகும் செலவு ஒவ்வொரு கிலோ துணியிலும் ஏறுகிறது. அந்தச் செலவு சரியான செலவு. அதைக் குறைத்துக் கேட்காதீர்கள். டாக்காவைச் சுற்றிய ஆறுகளும் இதே சாயத்தில்தான் கறுக்கின்றன. அங்கேயும் என்னைப் போல ஒருவன் கரையில் நின்றுகொண்டிருப்பான். நீங்கள் எழுதுகிற மனுவில், சலுகை வேண்டுமானால் தண்ணீரைச் சுத்தம் செய்து விடு என்று ஒரு வரி இருக்கட்டும்.

பவர்டேபிள் (திருப்பூர்)

நேற்று இரவு எல்லாவற்றையும் திரும்பப் படித்தேன். கோபத்தில் எழுதிய முதல் மனுவைக் கிழித்துவிட்டேன்.

அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 27 அன்று நம் சரக்குக்கு வரியை 50 சதவீதம் ஆக்கியபோது ஏற்றுமதிக் கம்பெனிகள் உள்நாட்டுச் சந்தைக்குத் திரும்பிப் பார்த்தன. அந்த நெரிசலும் என் தலையில்தான் விழுந்தது. எனக்கு அடி எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது, வங்கதேசம் அதில் ஒன்று. ஆனால் மெர்ச்சண்டைசர் அக்கா கேட்ட கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. நூலுக்கு நிபந்தனை வைத்தால் ஆலை பிழைக்கும், வண்டியை விட்டால் லாரி பிழைக்கும். தைக்கிறவன் எப்படிப் பிழைப்பான்?

ஆசிரியர் ஐயா சொன்ன ஐரோப்பிய நிதியைத்தான் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். இந்தியத் துணியில் தைக்காத சட்டைக்கு வரி போடட்டும். வருகிற அந்த வரியைப் பொதுக் கஜானாவில் கரைக்காமல், என்னைப் போன்ற சிறு தையல் யூனிட்கள் மெஷின் மாற்றவும், செயற்கை இழைத் துணி தைக்கப் பழகவும், வேலை குறைந்த மாதத்தில் ஆட்களுக்குப் பாதிக் கூலி கொடுக்கவும் ஒதுக்கட்டும். தண்ணீரைப் பற்றிய வாசகத்தையும் மனுவில் சேர்த்துக்கொள்கிறேன், நொய்யல் கரை அண்ணன் கேட்ட மாதிரியே.

ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியர் (கோவை)

நல்ல கோரிக்கை. ஒரு திருத்தம் மட்டும். வங்கதேசத்துக்கு "மிகவும் பின்தங்கிய நாடு" என்ற தகுதி முடிய ஐ.நா. குறித்த நாள் 2026 நவம்பர் 24. அந்தத் தகுதியை வைத்துத்தான் நாம் வரியை நீக்கினோம். தகுதி மாறும்போது இரு நாடுகளும் புதிதாகப் பேசியாக வேண்டும். நிபந்தனை கேட்க வேண்டிய நேரம் அதுதான். மனுவில் அந்தத் தேதியைக் குறிப்பிடுங்கள், வெறும் புலம்பலாகப் படிக்கமாட்டார்கள்.

லாரி ஆபீஸ் (சங்ககிரி)

எல்லையில் வண்டி மாற்றாமல் போகிற வழியையும் ஒரு வரி எழுதுங்கள், தம்பி. மறந்துவிட வேண்டாம்.

பவர்டேபிள் (திருப்பூர்)

எழுதிவிட்டேன் அண்ணா, மூன்றாவது பத்தியில் இருக்கிறது. தேதியையும் சேர்த்தாயிற்று. கணக்கரே, வங்கதேசத்துக்குப் போன நூல் பில் நகல் ஒன்று கிடைத்தால் கம்பெனிப் பெயரை மறைத்துக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கூட்டம். பிரித்த சட்டையையும் அந்த பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டப் போகிறேன்.